மூன்றாவது சென்சர்

"வண்டி மறுபடியும் திணறுதும்மா. மேடு வந்தா நின்னுடுது," என்றார் டாக்ஸி டிரைவர்.

அவர் பின்னாலேயே வண்டியின் முதலாளியும் வந்தார். "மூணு மாசத்துல மூணாவது காத்து சென்சர். மேட்டு சவாரிக்குப் போக இவருக்குச் சோம்பல், கெடுத்து வைக்கிறார். உங்க தம்பியே சொன்னாரே. இன்னைக்குச் சாவியை வாங்கிடப் போறேன்."

அக்காவும் தம்பியும் நடத்தும் பட்டறை அது. ஸ்பேனர் தம்பியுடையது, மீட்டர் வைத்துப் பழுது பார்ப்பது அக்கா. 'யாராவது கை வைக்காம இது கெடாது' என்று போன மாதம் அளந்துவிட்டவன் தம்பிதான். பன்னிரண்டு வருடமாக அந்த வண்டியை ஓட்டும் டிரைவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம மேல தப்பில்லக்கா," என்றான் தம்பி. "ஒவ்வொரு தடவையும் காத்து ஃபில்டரைக் கூடத் துவைச்சு, ரெண்டு பங்கு எண்ணெய் விட்டுத்தான் மாட்டினேன்."

அக்கா சென்சரின் பிளக்கை உருவினாள். இருமிக்கொண்டிருந்த இன்ஜின் சற்று சீரானது.

"பார்த்தியா, போலி சென்சர். அதை வித்த கடைக்காரரும் இவரும் கூட்டு," என்றான் தம்பி.

"கொஞ்சம் பொறுடா."

டிரைவரை இன்ஜினை அணைக்கச் சொல்லி, சென்சரைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய கம்பியை லென்ஸில் பார்த்தாள். வெள்ளைக் காகித நுனியால் தொட்டாள். காகிதம் லேசாகச் சிவந்தது.

"மாத்தின எத்தனாவது நாள்ல திணறுது?"

"பத்து நாள்லம்மா. மூணு தடவையும்."

"கம்பி கெடலை, மேல எண்ணெய் படிஞ்சிருக்கு," என்றாள் அக்கா. "வர்ற காத்தைக் குறைச்சுச் சொல்லுது. அதை நம்பி பெட்ரோலும் குறைவாப் போகுது, அதான் மேட்டுல மூச்சு முட்டுது. பிளக்கை எடுத்தா அந்தப் பொய் நின்னுடுது, வண்டி ஓடுது. நம்மகிட்ட வர்றதுல எண்ணெய் தடவுற துணி ஃபில்டர் இந்த ஒரு வண்டியிலதான்."

ஃபில்டரை எடுத்து அழுத்தினாள். சிவப்பாகச் சொட்டியது. அலமாரியில் தம்பியின் எண்ணெய் பாட்டிலும் அதே சிவப்பு.

"அப்போ கை வச்சது யாரு?" என்றார் முதலாளி, சாவிக்காக டிரைவர் பக்கம் கையை நீட்டியபடி.

அக்கா ஃபில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து தன் பெயர் வராது என்று தம்பிக்குத் தெரிந்தது.

"நான்தான்," என்றான். "நல்லா இருக்கட்டும்னு எண்ணெயை அதிகமா விட்டுட்டேன், அது காத்தோட போய்க் கம்பியில படிஞ்சிருக்கு. தெரியாம இவர் மேல பழியும் போட்டேன். சாவி இவர்கிட்டயே இருக்கட்டும் சார்."

முதலாளி நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டார்.

டிரைவர் முதன்முறையாக நிமிர்ந்தார். "ஒரு மாசமா தூக்கமில்ல தம்பி. நீங்க தப்பாச் சொல்ல மாட்டீங்க, எனக்குத்தான் ஓட்டத் தெரியாம போச்சுன்னு வீட்டுல சொல்லிட்டிருந்தேன்."