மிட்டாயின் குரல்

"என்னை நானே போன்ல கூப்பிடறேன் சார்," என்றாள் பாடகி. "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?"

ஒத்திகை மண்டபத்தின் பின்பக்க ஒப்பனை அறை. கண்ணாடியைச் சுற்றி விளக்குகள் எரிந்தன. துப்பறிவாளர் அவசரப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போலீசில் இருந்தபோதே அவருக்கு ஆமை என்று பட்டம். உடன் வந்த மைத்துனனுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. எதிரே இருப்பது மிட்டாய் அல்லவா! ஐந்து வயதில் அந்தப் பெயரில் நடித்து ஊரையே அழவைத்த சினிமாக் குழந்தை. அழுதவர்களில் அவனும் ஒருவன். வளர்ந்ததும் சினிமா அவளைக் கைகழுவிவிட்டது. பாப் பாடகியாக இப்போதுதான் மறுபடி தலைதூக்கியிருக்கிறாள். நாளை முதல் மேடை. அதில் சறுக்கினால் இன்னொரு வாய்ப்புக் கிடைக்காது.

"என்ன சொல்லுது அந்தக் குரல்?" என்றார் ஆமை.

"அந்தப் படத்துல வர்ற மிட்டாய் பாட்டைப் பாடாதேங்குது. நாளைக்கு அதைத்தான் முதல்ல பாடணும். சின்ன வயசுல படத்துல கேட்ட என் குரலேதான் சார்! நேத்து மேக்கப் முடிஞ்சு தனியா இருந்தப்ப மறுபடி வந்துச்சு. நான் அழுதுட்டேன். உடனே அதுவும் தடுமாறி, 'அழாதே, மை கரையும்'னுச்சு. அதுலேர்ந்து தொண்டையே திறக்கல."

"படத்துலேர்ந்து வெட்டி ஒட்டியிருப்பாங்க மாமா! இல்லேன்னா கம்ப்யூட்டர்!" என்று துள்ளினான் மைத்துனன்.

"நீ அழுதா கம்ப்யூட்டர் தடுமாறுமா மாப்ளே? சும்மா இரு."

சுவரில் நாளைய நிகழ்ச்சியின் விளம்பரம் ஒட்டியிருந்தது. 'அன்று கேட்ட அதே குரல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை ஆமை நிதானமாகப் படித்தார். பிறகு, இந்த அறைக்குள் தடையின்றி வந்துபோகும் மூவரையும் அழைத்தார். பாடகியின் அம்மா, மேனேஜர், மேக்கப் அக்கா. பையிலிருந்து மைக்குடன் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"குரலைச் சோதிக்கணும். ஆளுக்கு ஒரு வரி பேசுங்க."

மேனேஜர் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்று அறை அதிரக் கத்தினார். அம்மா மேசையில் கையை ஊன்றிக் குனிந்தாள். வளையல்கள் கலகலவென்று மோதின. என்ன பேசுவது என்று தெரியாமல் தன் வயதைச் சொல்லிவைத்தாள்.

"எனக்கு மைக்குன்னாலே கூச்சம் சார். கிட்டக்கூடப் போனதில்ல," என்றாள் மேக்கப் அக்கா. சொல்லிக்கொண்டே கண்ணாடி வளையல்களைச் சத்தமின்றிக் கழற்றித் துண்டில் சுற்றினாள். மூச்சு மைக்கில் படாதபடி முகத்தை லேசாகத் திருப்பி, கரகரத்த குரலில் ஒரு வரி பேசினாள். பிறகு வளையல்களைப் பழையபடி மாட்டிக்கொண்டாள்.

"போதும்மா," என்றார் ஆமை.

"பதிவைப் போடுங்க மாமா, கேப்போம்!"

"பேட்டரியே போடல. நான் பாத்தது கையை." அவர் மேக்கப் அக்கா பக்கம் திரும்பினார். "மைக்கு கிட்டக்கூடப் போகாதவங்க வளையலை எதுக்கும்மா கழட்டணும்? அது டப்பிங் தியேட்டர் பழக்கம். அங்க துளி சத்தம் வந்தாலும் திரும்பப் பேசணும். சினிமாவுல குழந்தை வாயசைக்கும். பேசறதும் பாடறதும் பல நேரம் பெரிய பொம்பளைங்க. 'பாடாதே'ன்னு மட்டும் வந்திருந்தா போட்டிக்காரங்கனு நினைச்சிருப்பேன். ஒரே ஒரு பாட்டை மட்டும் பாடாதேன்னா, அது தன்னோடதுன்னு நினைக்கறவங்க. அதோட, மிரட்டுற நேரத்துலயும் மை கரையுமேன்னு கவலைப்படறது யாரு? அந்த மையைத் தீட்டினவங்கதானே?"

பாடகி தன் தாயைப் பார்த்தாள். "அம்மா? அது என் குரல் இல்லையா?"

அம்மா தலைகுனிந்தாள். "உன் குரல் எடுபடலைன்னுட்டாங்கடி. படத்தைப் பாத்துட்டு, 'நான்தான் பேசினேன்'னு நீ குதிச்ச. உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல."

மேக்கப் அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. "டப்பிங் வாய்ப்பு நின்னு போய்த்தான் இந்த வேலைக்கு வந்தேன் கண்ணு. மத்த பாட்டெல்லாம் நீ பாடு, ரசிச்சுக் கேப்பேன். அந்த விளம்பரத்தைப் பாத்ததும் வயிறு எரிஞ்சிருச்சு. படத்துல என் பேருகூட வரல. நேர்ல சொல்லத் துணிச்சல் இல்ல. உன்னை அழவச்சது பெரிய தப்பு."

"அக்கா, ஒரே ஒரு தடவை பேசுங்க."

தயங்கித் தயங்கி, மேக்கப் அக்கா வாயைத் திறந்தாள். "மிட்டாய் வேணுமா?"

நரை விழுந்த பெண்ணிடமிருந்து ஐந்து வயதுக் குழந்தையின் குரல் கேட்டது. மைத்துனனுக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பாடகி நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல," என்றவள், அந்தப் பாட்டின் முதல் அடியை மெல்ல முனகிப் பார்த்தாள். தொண்டை திறந்துகொண்டது. தடித்த, ஆழமான குரல். மிட்டாயின் சாயல் அதில் மருந்துக்கும் இல்லை.

"இது வெளிய தெரிஞ்சா நம்ம பொழப்பே போச்சு!" என்று பதறினார் மேனேஜர்.

"விளம்பரத்தைக் கிழிச்சுடுங்க சார். நாளைக்கு மேடையில ரெண்டு மைக் வைக்கச் சொல்லுங்க," என்றாள் பாடகி.

மேக்கப் அக்கா துண்டை மடியில் விரித்து, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.