எட்டாத சுவிட்ச்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், மகளின் அறையில் தாழ்வாக இருந்த சுவிட்ச், தகப்பனை ஒரு வார்த்தை கேட்காமல் மூடப்பட்டது.

இருட்டென்றால் நடுங்கும் பிள்ளை அவள். முன்பெல்லாம் அவரைச் சுவரோரம் மண்டியிடச் செய்து, தொடைமேல் ஏறித் தலைமயிரைப் பற்றிக்கொண்டுதான் விளக்கைப் போடுவாள். அவளே எட்டிப் போட்டுக்கொள்ளட்டும் என்று நான்காம் வயதில் அந்தச் சுவிட்சை வைத்துக் கொடுத்தார். ஐந்தாம் வயதைக் காண அவளைக் காய்ச்சல் விடவில்லை.

வீட்டுக்குப் புது ஒயரிங். அன்று கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, பழைய ஓசை எதில் இருக்கிறதென்று தேடினார்.

“சார், சுவிட்ச் வாங்குறீங்களா, வாத்தியம் வாங்குறீங்களா?” என்றார் கடைக்காரர்.

தேடியது கிடைத்தது. வீடு திரும்பியபோது பழைய இடத்தில் ஒரு வெற்றுத் தகடு. அதற்கு வெகு மேலே புதுப்பெட்டி.

“அவ்ளோ கீழ யாருக்கு சார், பூனைக்கா?” என்றான் எலெக்ட்ரீஷியன். “அக்காதான் மூடச் சொன்னாங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா விட்டிருப்பீங்களா? அந்தப் பக்கம் போறப்பல்லாம் கை அங்கயே போகுதுங்க. என்னால முடியல.”

வாங்கி வந்ததை மேலேயே பொருத்தினார்கள்.

மறுநாள் அந்தி சாயும் வேளையில், ஈரச் சாந்தும் பெயின்டும் கலந்த வாடை கூடம்வரை பரவியிருக்க, யாருமில்லாத அந்த அறையிலிருந்து, உள்ளங்கை சுவரை மெல்லத் தேய்ப்பது போன்ற ஓசை, நின்று நின்று, பொறுமையாக, எதையோ தேடுவதுபோல் கேட்டது. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். காலையில் வெள்ளைச் சுவரில் கறைகள். சிறு விரல்கள். தகட்டைச் சுற்றிச் சுற்றித் தடவியவை, பிறகு மேல்நோக்கி ஏறியிருந்தன. புதுச் சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டன.

மனைவி ஈரத்துணியால் துடைத்தாள்.

அன்று அந்தியில் தேய்ப்போசையோடு விசும்பலும் கேட்டது. அவர் உள்ளே போனார். கைக்கு எட்டிய விளக்கை அவர் போடவில்லை. இருட்டில் சுவரோரம் மண்டியிட்டார்.

“அப்பா இருக்கேன்மா. ஏறிக்கோ.”

ஓசை நின்றது.

தொடைமேல் ஒரு பாதம். சில்லென்று. பிறகு மற்றொன்று. தலைமயிரில் ஒரு பிடி.

டக்.

வெளிச்சம். எதிரே வெறுஞ்சுவர். தொடையில் பாரம் இறங்கவில்லை. மயிரைப் பற்றிய பிடி இறுகியது. வாசலில் வந்து நின்ற மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தலைக்குச் சற்று மேலே பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள்.

உங்கள் வீட்டிலும் சுவிட்சுகளை மாற்றப்போகிறீர்களானால், இருட்டில் அந்தச் சுவரைத் தடவி வரும் கை எதுவரை எட்டும் என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் எதையும் மூடாதீர்கள்.