மேலே ஏறிய நத்தைகள்

"எங்க அண்ணனே என் வயித்துல அடிச்சிட்டாருங்க," என்றபடி துப்பறிவாளரின் அறைக்குள் நுழைந்தாள் மீன்பண்ணைக்காரி. ஓடைத் தண்ணீர் பாயும் அவளுடைய தொட்டிகளில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. ஓடைக்கு மேற்புறம் அண்ணனின் வயல். நாற்றைத் தின்னும் நத்தைகளுக்கு அவர் மருந்து போட்டிருந்தார்.

துப்பறிவாளர் கிளம்ப, அவருடைய மைத்துனனும் தொற்றிக்கொண்டான். ஒருமுறையாவது அத்தானை முந்திக் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும் அவனுக்கு.

பண்ணையில் அவள் கணவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மச்சானோடு மனஸ்தாபம் வந்ததிலிருந்து அந்த வயல் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை என்றார். "அந்த மஞ்சத் தண்ணி எல்லாத்தையும் அழிச்சிடுச்சு," என்று முனகினார். ஓடையும் தொட்டிகளும் தெளிவாகவே கிடந்தன.

அண்ணன் பதறவில்லை. மடையை அடைத்து, மருந்துத் தண்ணீரை வயலிலேயே நிறுத்தியிருந்தாராம். "ஓடையில இறங்கியிருந்தா நத்தைதானே முதல்ல செத்திருக்கணும்? போய்ப் பாருங்க."

பார்த்தான் மைத்துனன், தலை சுற்றியது. மீன்களும் தலைப்பிரட்டைகளும் செத்து மிதந்தன. நத்தைகளோ நாணல் தண்டுகளில் சொகுசாக ஒட்டிக்கொண்டிருந்தன. நத்தை மருந்து நத்தையை விட்டுவிட்டு மீனையா கொல்லும்? அண்ணன் நிரபராதி என்றான். இல்லை, வேறு யாரோ விஷம் கலந்தார்கள் என்றான். கடைசியில் ஒன்றும் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

"நத்தை எங்க இருக்குன்னு பாரு," என்றார் அத்தான். உயிரோடிருந்தவை எல்லாம் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தன.

குடும்பத்தார் மூவரையும் மடையருகே வரவழைத்தார். "மருந்து பட்டதும் சில நத்தை தண்ணிய விட்டு ஏறிடும். மீனும் தலைப்பிரட்டையும் எங்க ஏறும்? மருந்து இறங்கினது நிஜம். மடையைத் திறந்தது யாரு?" வயலில் தேங்கிய தண்ணீரைக் காட்டினார். அது மட்டும் மஞ்சளாக இருந்தது. "ஓடையில கலந்ததும் இந்த நிறம் கரைஞ்சுடும். வயல் பக்கமே வராதவருக்கு மஞ்சள்னு எப்படித் தெரியும்?"

கணவர் தலை குனிந்தார். "அன்னிக்கு ஓடையில தண்ணி குறைஞ்சு குஞ்செல்லாம் தவிச்சுதுங்க. கொஞ்சம் திறந்துவிட்டு மூடினேன். வெறும் கலங்கல்னு நினைச்சேன்." பழி மச்சான்மேல் விழுந்தபோது பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

மீன்பண்ணைக்காரி யாரைத் திட்டுவதென்று தெரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அத்தான், தப்பு மருந்து போட்டவர் மேலயா, மடையைத் திறந்தவர் மேலயா?" என்று மைத்துனன் கிசுகிசுத்தான். அத்தான் மடைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

அண்ணன் மண்வெட்டியை எடுத்து மடைக்கு மண் அணைக்கத் தொடங்கினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அந்த மண்ணை மிதித்து இறுக்கினாள்.

"இன்னும் போடுண்ணே," என்றாள்.