முதல் பல்

வெயில் ஏறுவதற்கு முன்பே மாநில மருத்துவமனையின் வாசலில் மாணவர்கள் கையேந்தி வரிசையாக நின்றுவிடுவார்கள். வெள்ளை அங்கி, கழுத்தில் கல்லூரி அடையாளம், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய கைகள். உள்ளே போகிற நோயாளிகளிடம் தணிந்த குரலில் கேட்பார்கள்.

"ஐயா, ஒரு தடவ நாடி பாத்துக்கிடட்டுமா?"

"எம்மா, அந்தக் கட்ட மட்டும் நான் பிரிச்சுக் கட்டுதேன்."

நோயாளிகள் காது கேளாதவர்களைப் போல் நடந்துவிடுவார்கள். திருநெல்வேலியில் இதை வேடிக்கை பார்க்க இப்போது யாரும் நிற்பதில்லை.

காரணம், கைப்பயிற்சிச் சட்டம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவம் முழுவதையும் சீர்கரங்களே செய்துவந்தன. கூரையிலிருந்து தொங்கும் அந்த இயந்திரக் கைகளுக்கு நடுக்கம் கிடையாது, அலுப்பும் கிடையாது. மனிதக் கை தன் வேலையை அடியோடு மறந்துவிடக் கூடாது என்று சட்டமன்றம் கவலைப்பட்டது. உயிருள்ள மனித உடலுக்குத் தன் கையால் மருத்துவம் செய்யாத மாணவருக்குப் பட்டம் இல்லை என்றது சட்டத்தின் முதல் பிரிவு. நோயாளி மனமார இசையாமல் மாணவரின் கை அவர்மேல் படக் கூடாது, காசு கொடுத்தோ மிரட்டியோ இசைவு வாங்கவும் கூடாது என்றது இரண்டாம் பிரிவு. முன்னொரு காலத்தில் பொது வார்டில் கிடந்த ஏழைகளைச் சுற்றி நின்று, ஒரு வார்த்தை கேட்காமல், மாணவர்கள் பழகினார்கள். அந்தப் பாவம் தொடரக் கூடாது என்று சட்டம் இயற்றியவர்கள் நினைத்தார்கள். இரண்டு பிரிவுகளுமே நல்லவை. இரண்டும் சேர்ந்ததில் ஒரு தலைமுறை மாணவர்கள் வாசலிலேயே நின்று தேய்ந்தார்கள்.

பல் மருத்துவ மாணவி வடிவும் படிப்புக் காலம் முழுவதும் அங்கேதான் நின்றாள். மெழுகுத் தாடைகளில் எண்ணமுடியாத அளவு பற்களைப் பிடுங்கியிருக்கிறாள். மனித வாய் ஒன்றுகூட அவளுக்குத் திறக்கவில்லை. இன்று மாலையோடு அவளுடைய காலம் முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு பல்லைத் தன் கையால் எடுத்துவிட்டால் அவள் மருத்துவர். இல்லையென்றால் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். மறுபடி சேர்க்கை கிடையாது.

தகப்பனில்லாத அவளைப் படிக்க வைத்தவர் பெரியப்பா ஆவுடையப்பன். சீர்கரங்கள் வருவதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாக மருத்துவர்கள் இருந்த குடும்பம். வீட்டு வாசலில் மறுபடியும் ஒரு மருத்துவரின் பெயர்ப்பலகை தொங்கவேண்டும் என்பது அவர் கட்டிக்காத்த ஆசை. அவருக்கே ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகி வாரக்கணக்கில் வலித்துக்கொண்டிருந்தது. வடிவு முன்பே கேட்டுப் பார்த்தாள். "நம்ம வீட்டு ஆளு படிக்கிற பிள்ளைக கையில வாயக் குடுத்தான்னு பேரு வரணுமாக்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று பின்மதியம், பெயர்ப்பலகை ஆசை முந்திக்கொள்ள, வீங்கிய கன்னத்தோடும் வெளுத்த வேட்டியோடும் அவரே வாசலுக்கு வந்துவிட்டார்.

"வடிவு, வாட்டி உள்ள. பல்ல நீதான் எடுக்க."

வரிசையே திரும்பிப் பார்த்தது. "ஒனக்கு யோகம்தான்! எங்களுக்கும் இந்தப் பெரியப்பாவக் கொஞ்சம் கடன் குடேன்" என்றான் ஒருவன். வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

உள்ளே அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவள் மீண்டும் கை கழுவி, பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தாள். நோயாளியின் சம்மதத்தைப் பதிவுசெய்ய சுவரில் வைத்திருந்த இசைவுக்கண் ஒளிர்ந்து, "இசைவா?" என்று கேட்டது. ஆவுடையப்பன் பதில் சொல்ல வாயெடுத்தவர், அவள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இதுக்கு முன்ன எத்தன பேருக்கு எடுத்திருக்க?"

"மெழுகுத் தாடையில நெறைய..."

"மெழுகக் கேக்கல. மனுசனுக்கு."

"ஒருத்தருக்கும் இல்ல பெரியப்பா. நீங்கதான் மொதல்."

அவர் வாயை மெல்ல மூடினார். எழுந்து உட்கார்ந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்பம் ஒண்ணு செய்யி. மொதல்ல ஒரு நாலு பேருகிட்டப் பழகிட்டு வா. நான் எங்க ஓடியா போறேன்?"

"இன்னைக்குக் கடைசி நாளு பெரியப்பா. இனிமே யாரு வருவா?"

"நம்ம தோட்டத்து இசக்கியக் கூப்பிட வேண்டியதுதான?"

"கேட்டாச்சு. 'ஒங்க பெரியப்பா வாயத் தொறக்கட்டும், பொறவு நான் தொறக்கேன்'னுட்டாரு."

"திமிரு" என்றார் ஆவுடையப்பன்.

இசைவு இல்லை என்று கண் பதிந்துகொண்டது. மாநிலத்தின் எல்லா மருத்துவமனைகளிலும் அன்று நோயாளிகள் ஏறக்குறைய இதே 'நாலு பேரிடம் பழகிவிட்டு வா'வைத்தான் சொல்ல, அந்தக் கண்கள் பதிந்துகொண்டிருந்தன.

அவர் அடுத்த அறைக்குப் போனார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், கையிலிருந்த பல் குறட்டைக் கீழே வைக்கத் தோன்றாமல் வடிவு நின்றாள். அங்கே புதிய சீர்கரம் ஒன்று பளபளத்தது. இயந்திரங்கள் தம்மைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்பது விதி.

"வணக்கம் ஐயா. என்னை இன்று காலைதான் பொருத்தினார்கள். நான் இதுவரை எந்த மனிதருக்கும் பல் எடுத்ததில்லை. உங்களுடையதுதான் முதல். இசைவா?"

ஆவுடையப்பனின் முதுகு நிமிர்ந்தது. தேரோட்டத்தில் பரிவட்டம் கட்டி, அவர் வீட்டார் வடம் தொட்ட பிறகுதான் ஊர் வடத்தைத் தொடும். முதல் மரியாதை அவருக்குப் புதிதல்ல.

"எனக்கு முன்ன வேற யாரும் வரலையே?"

"இல்லை ஐயா."

"அப்பம் சரி" என்று வாயை அகலத் திறந்தார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது கையில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. வடிவு அதை வாங்கிப் பார்த்தாள். அதிலிருந்த பல்லில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

"பெரியப்பா, இது சொத்தப்பல்லு இல்ல. பக்கத்துப் பல்லு. நல்ல பல்லு."

அவர் நாக்கால் தடவிப் பார்த்தார். சொத்தை இருந்த இடத்திலேயே இருந்தது, வலியும் இருந்தது. ஒரு கணம் அவர் முகம் சிவந்தது. வாசலில் நின்ற மாணவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு தலையை நிமிர்த்திக்கொண்டார்.

மாலை மணி அடித்தது. வடிவு அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. நல்ல பல் போனதற்குத்தான் பிள்ளை அழுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. பஞ்சை ஒதுக்கிக்கொண்டு அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"விடு. புதுசுதானட்டி. அதுவும் நாலு பேருகிட்டப் பழகினாத்தான கை வரும்?"