காற்றில் ஒன்று குறை

செவ்வாய்க் குடியிருப்பில் மறதிக்கூடத்துக்குப் போவது முடிவெட்டிக்கொள்ளப் போவதைப் போலத்தான். பார்த்த படத்தை மறந்துவிட்டு மறுபடி ரசிக்கப் போவார்கள். சம்பந்தியோடு போட்ட சண்டையைக் கல்யாணம் முடியும்வரை ஒதுக்கிவைக்கப் போவார்கள். காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டினால், வேண்டாத நினைவு மட்டும் அதை உரிக்கும்வரை உறங்கும். அன்று தமயந்தி மறக்க வந்தது தன் பிழைப்பையே.

அவள் கணினி நிரல் ஆசிரியை. பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குத் தங்கள் மூச்சுக்கவசத்தின் நிரலைத் தாங்களே எழுதத் தெரிந்தால்தான் வெளியே நடக்க அனுமதி. பன்னிரண்டு பேருக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். பாட முடிவில் "புரிஞ்சுதா?" என்பாள். "புரிஞ்சுது டீச்சர்!" என்று கூரை அதிரும். தேர்வு வந்தால் பன்னிரண்டு பேரும் கவிழ்வார்கள், இரண்டு முறையும் அப்படித்தான். மூன்றாவது முறையும் கவிழ்ந்தால் அவளைக் காளான் பண்ணைக்கு மாற்றிவிடப் போவதாக மேற்பார்வையாளர் சிங்காரவேலர் சொல்லிவிட்டார். காளான் வாடைகூடப் பரவாயில்லை. சொல்லிக்கொடுக்காமல் நாட்களை எப்படிக் கழிப்பது என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பாடத்தில் என்ன குறை என்று நூறு முறை பார்த்துவிட்டாள். எல்லாம் தெளிந்த தண்ணீராகத்தான் தெரிந்தது. நீச்சல் தெரிந்தவளுக்கு ஆழம் தெரியுமா?

"நிரல் சம்பந்தமா மொத்தத்தையும் மறக்கணுமா மேடம்?" என்று கேட்டார் மறதிக்கூடத்து ஊழியர் யாகப்பன்.

"மொத்தமும். அப்புறம் என் பாடத்தையே எனக்கு ஓட்டுங்க. எங்க புரியலையோ அங்க கையத் தூக்குவேன், குறிச்சுக்குங்க."

காலி அறையில் ஒற்றை நாற்காலி. எதிரே, பாடம் நடத்தும்போது பதிவான அவளுடைய ஒளியுரு எழுந்து, பலகையில் எழுதியது: காற்று = காற்று − 1.

தமயந்தி விழித்தாள். காற்று எப்படித் தன்னைவிட ஒன்று குறைந்ததற்குச் சமமாகும்? கணக்கு வாத்தியார் பார்த்தால் காதைத் திருகுவாரே! கையைத் தூக்க வேண்டும் என்பது நன்றாக நினைவிருந்தது. கை மடியிலிருந்து ஓர் அங்குலம் எழும்பவும் செய்தது. ஆனால், இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாக இருக்கும், அடுத்த வரியில் விளங்கிவிடும் என்று இறக்கிக்கொண்டாள். அடுத்த வரி இன்னும் மோசம்.

"புரிஞ்சுதா?" என்றது ஒளியுரு.

"புரிஞ்சுது டீச்சர்!" என்றாள் தமயந்தி.

யாகப்பன் வில்லையை உரித்தெடுத்தார். "ஒம்பது தடவை புரிஞ்சுதுன்னீங்க மேடம். நெசமாப் புரிஞ்சா காட்டுற தெளிவுமானி முள்ளு அசையவே இல்ல. கையும் தூக்கல."

"அறையில யாருமே இல்லையே! யாருக்கு வெக்கப்பட்டேன்?"

"அதை எங்கிட்ட கேட்டா எப்படி?"

மறுநாள் வகுப்பில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "என் பாடத்துல நானே பெயிலு." முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அடக்க முடியவில்லை. அந்த வரியை எழுதி, "இதை நம்பாதவங்க யாரு?" என்று கேட்டாள்.

பூமியில் பேக்கரி நடத்திய ரஹ்மத்பீவி கையைத் தூக்கினார். "நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன் டீச்சர். ஒரு பொருள் எப்படித் தன்னையவிட ஒண்ணு கம்மியா இருக்கும்?"

தமயந்திக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு டப்பாவில் பத்து மொச்சையைப் போட்டு நீட்டினாள். "இருக்கிறதை எண்ணுங்க. ஒண்ணை எடுங்க. மிச்சம் அதே டப்பாவுல. டப்பாவோட பேருதான் காற்று." பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் "அட!" என்றார்கள். அன்றிலிருந்து அவள் புரிந்ததா என்று கேட்பதில்லை. "எனக்குச் சொல்லிக்கொடுங்க பாப்போம்" என்பாள். மூன்றாவது தேர்வில் பதினோரு பேர் தேறினார்கள்.

சிங்காரவேலர் பூரித்துப்போய் நாற்பது ஆசிரியர்களைக் கூட்டினார். 'புரிந்ததா என்று கேட்பதன் தீமைகள்' பற்றி ஒன்றரை மணி நேரம் வரைபடங்களோடு விளக்கினார். கழுத்தில் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தமயந்திக்கு மூன்றாவது வரைபடத்திலேயே வழி தப்பிவிட்டது.

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்றன நாற்பது குரல்கள். அவற்றில் முந்திக்கொண்டது தமயந்தியின் குரல்.