மாற்று ஆள்

வர்ஜீனியா ஆற்றங்கரைக் கோட்டையில் வந்து இறங்கியபோது நாங்கள் முந்நூறு பேர். தங்கம் அள்ளலாம் என்று ஆசை காட்டிக் கூட்டிவந்தார்கள். பனிக்காலத்தில் எலி கிடைத்தாலே விருந்து என்றானது. அதுவும் தீர்ந்தபின் செருப்புத் தோலை வேகவைத்தோம்.

என் கணவர் சில்வெஸ்டர் ஒரு காலையில் கண் திறக்கவில்லை. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. குழி தோண்டப் போனவளைக் காவல்தலைவர் ஹம்ஃப்ரி தடுத்தார்.

“புதைக்காதம்மா. ஆளு குறையுதுன்னு காட்டுல நம்மள வளைச்சிருக்கற எதிரிங்களுக்குத் தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுது. வேலியில கட்டி நிறுத்து. அவர் நிக்கற வரைக்கும் அவர் பங்குக் கஞ்சி உனக்குத்தான்.”

என் மகள் ஏவிஸுக்கு ஐந்து வயது. விலா எலும்பை எண்ணிவிடலாம். ஒப்புக்கொண்டேன். இரும்புத் தொப்பியை மாட்டி, கையில் துப்பாக்கியைச் செருகி, நானே கயிற்றை இறுக்கினேன். வெட்கக்கேடுதான். ஆனால் அந்த ஓர் அகப்பைக் கஞ்சியில் குழந்தை எழுந்து உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் கேட்டாள்: “அம்மா, அப்பா ஏன் நம்ம குடிசையையே பார்க்கறாரு?”

காட்டைப் பார்த்து நின்றவர் திரும்பியிருந்தார்.

கயிறு அவிழவில்லை.

ஹம்ஃப்ரி அவரைத் திருப்பி நிறுத்தினார். மதியத்துக்குள் அவர் மறுபடி குடிசைப் பக்கம் திரும்பிவிட்டார். ஏவிஸுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஈரத் தோலும் வியர்வையும் கலந்த அவருடைய வாசனை குடிசைக்குள் நிறைந்தது.

மூடுபனிக்குள் வேலியை நோக்கி ஓடினேன். “என்னங்க, குழந்தையை விட்டுடுங்க!”

உதடு அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

“மாத்து ஆள் எங்க, அர்சுலா?”

அப்போதுதான் உறைத்தது. மாற்று ஆள் வராமல் காவலை விட்டு நகரக்கூடாது என்பது கோட்டைச் சட்டம், நகர்ந்தால் தூக்கு. செத்த மனிதரைக் காவலுக்கு நிறுத்தினோமே, விடுவிக்க யாரை அனுப்பினோம்? அவர் பார்வை ஏவிஸின் படுக்கை மேல் இருந்தது.

“அவ வேண்டாங்க. நான் வந்துட்டேன். நீங்க போய்ப் படுங்க.”

தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துக்கொண்டேன். அவர் சரிந்தார்.

என் பசி நின்றுவிட்டது.

மறுநாள் ஹம்ஃப்ரி அவரைப் புதைத்துவிட்டு விறைத்துப்போயிருந்த என்னை வேலியோடு சேர்த்துக் கட்டினார். “உன் பங்கும் புள்ளைக்குத்தான்மா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வசந்தத்தில் கப்பல் வந்தது. ஏவிஸ் தன் காலால் நடந்து படகேறினாள். அந்தச் சந்தோஷம் எனக்குப் போதும். “கண்ணு” என்று கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.

கோட்டையில் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. என் பின்னால் யாரோ புதிதாக வீடு கட்டியிருக்கிறார்கள். ஒரு குழந்தையின் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

காட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று எவ்வளவோ முயல்கிறேன்.

கழுத்து திரும்புகிறது.