இருபத்திரண்டு காகிதக் கப்பல்கள்

காலை ஒன்பது மணிக்கு விளையாட்டுமானி கண் விழித்தது. பாலர் இல்லத்தின் கூரையில் பதித்திருந்த கண்ணாடிக் குமிழ்கள் மெல்லப் பச்சையாயின. கீழே இருபத்திரண்டு பிள்ளைகள். நாலு வயதைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. சுவரோரம் கூடைகளில் மணல், இறகு, கயிறு, விதை, கிண்ணம், காகிதம். எஸ்தர் டீச்சர் வழக்கம்போல் மூலையில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

மழையும் காற்றும் மாதக் கணக்கை உதறிவிட்டுப் போய் முப்பது வருஷமாயிற்று. ஐப்பசியில் அனல் அடிக்கும், சித்திரையில் ஊர் மிதக்கும். வானத்தைப் பார்த்த கருவிகளெல்லாம் கைவிரித்த பிறகு, யாரோ ஒருத்தி கீழே குனிந்து பார்த்தாள். மழைக்கு மூன்று நாள் முன்பே சின்னப் பிள்ளைகள் ஓட்டத்தை விட்டுக் குந்தி உட்கார்ந்து குழி பறிக்கிறார்கள்; காற்றுக்கு முன்னால் கையை விரித்துச் சுற்றுகிறார்கள். பெரியவர்களுக்கு மழுங்கிப்போன ஏதோ ஒன்று அந்தக் குட்டிக் காதுகளுக்குள் இன்னும் விழித்திருக்கிறது. அன்றிலிருந்து விதைப்பதும் அணை திறப்பதும் விளையாட்டுமானி என்ற இந்த இயந்திரம் பிள்ளைகளின் ஆட்டத்தைப் படித்துச் சொல்வதை வைத்துத்தான். முன்பெல்லாம் பாலர் இல்லங்களில் மழைக்கு ஒரு கப்பல், காற்றுக்கு ஒரு பட்டம் என்று பருவத்துக்கொரு விளையாட்டு சொல்லிக்கொடுப்பார்களாம். இப்போது அது குற்றம். கணிப்பு கெட்டுவிடும் அல்லவா.

குயிலிக்கு மூன்றரை வயது. அவள் அம்மா சரக்குக் கப்பல் வேலைக்குப் போய் ஒன்பது நாள். ஒன்பது நாளாக எந்தக் கூடையையும் தொடாமல், எஸ்தரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விசும்புகிறது பிள்ளை.

“டீச்சர், கப்பல் எப்படி இருக்கும்?”

“பெரிசா இருக்கும் கண்ணு.”

“பெரிசுன்னா?”

எஸ்தரின் கை தானாகக் காகிதக் கூடைக்குப் போயிற்று. முந்தானை மறைவில் நாலைந்து மடிப்பு, ஒரு கப்பல். குயிலி அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

“அம்மா எந்தப் பக்கம் உக்காருவாங்க?”

“எனக்கு?” என்றது பக்கத்துப் பிள்ளை. “எனக்கும் டீச்சர்.” ஒன்றுக்குக் கொடுத்து இன்னொன்றுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. மதியத்துக்குள் இருபத்திரண்டு கப்பல்கள் ‘பாம் பாம்’ என்று தரையெல்லாம் ஊதிக்கொண்டு போயின. கூரையில் குமிழ்கள் நீலமாயின, கீழே பலகையில் எழுத்து ஓடியது:

கனமழை. மூன்று நாளில். உறுதி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

மேலணையில் இருந்தது ஊரின் கோடைக்கான குடிநீர். வரப்போகும் வெள்ளத்துக்கு இடம் பண்ண, ஒரு மதகைத் திறந்துவிட்டது இயந்திரம். எஸ்தர் பதறிப்போய்ப் பருவக் கணிப்பகத்து சர்புதீனைப் போனில் கூப்பிட்டாள்.

“சார், அது மழை இல்ல. நான் செஞ்சு கொடுத்த கப்பல். மதகை மூடச் சொல்லுங்க.”

“எஸ்தரம்மா, மழை வேணாம்னு உப்பளத்துக்காரங்க ஒரு டீச்சரைப் பொய் சொல்ல வச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் பெரியவங்க பேச்சை இயந்திரம் எடுத்துக்கறதே இல்ல. நான் சொன்னாலும் எடுத்துக்காது.”

“அப்ப என்னதான் வழி?”

“பிள்ளைங்க வேற ஏதாவது விளையாடணும். வேற வழி இல்லம்மா.”

எஸ்தர் கப்பல்களைச் சேகரிக்கத் தொடங்கினாள். இருபத்தொன்று வந்துவிட்டது. குயிலி மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அம்மா உள்ள இருக்காங்க டீச்சர்.”

இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையின் கையிலிருந்தும் எதையும் பிடுங்கியவள் இல்லை. அன்று பிடுங்கினாள். குயிலி வீரிட்டாள், ஒன்று அழுதால் பக்கத்திலிருப்பது சும்மா இருக்குமா, இருபத்திரண்டும் அழுதன. குமிழ்கள் சிவந்தன. புயல். இரண்டாவது மதகும் திறந்துகொண்டது.

கப்பல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எஸ்தர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. ஆனால் இல்லத்துக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் அணைத் தண்ணீர் சலசலவென்று வந்தது. பிள்ளைகள் கப்பல் விட்டார்கள். குயிலியுடையது முன்னால் போயிற்று. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் மழை என்பதுதான் இயந்திரத்துக்குக் கற்பித்த பாடம். எங்கிருந்து வந்தது என்று அது கேட்கவில்லை. கணிப்பு நிறைவேறியது என்று எழுதிக்கொண்டது. ‘ஒருபோதும் தவறாத பாலர் இல்லம்’ என்று ஒரு பட்டயமும் வந்து சேர்ந்தது. தண்ணீர் அதற்குள் கடலுக்குப் போய்விட்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை, வாசலில் ஊரே நின்றது. தண்ணீருக்குக் குடம் தூக்கி வந்தவர்கள் இல்லை. எல்லார் கையிலும் காகிதம். முன்னால் சர்புதீன், அலுவலகத்துக் காகிதக் கட்டொன்றோடு.

“ஒரே ஒரு தடவை கப்பல் செஞ்சு கொடுங்க, எஸ்தரம்மா. மேலிடத்துலயே கேக்கறாங்க.”

“அணையிலதான் ஒண்ணும் இல்லையே சார். இனி எதைத் திறப்பீங்க?”

“தெரியும்மா. இருந்தாலும்…” அவர் காகிதத்தைத் தடவிக்கொண்டார். “கப்பல் விட்டா தண்ணி வரும்னு எனக்கே பாதி நம்பிக்கை வந்துடுச்சு.”

எஸ்தர் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வெளியே அத்தனை முகமும் அண்ணாந்து கூரைக் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தது. குமிழ்களில் எந்த நிறமும் இல்லை. பலகையில், ‘இந்த ஆட்டம் அறியப்படவில்லை.’

பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நீள வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதற்கு, ஒரு சொட்டும் சிந்தாமல், ஒன்றுமில்லாததை ஊற்றிக்கொடுத்தது. யாரும் சொல்லிக்கொடுத்த விளையாட்டில்லை அது.

எஸ்தரின் கையிலிருந்த காகிதத்தைக் குயிலி ஏறிட்டும் பார்க்கவில்லை.

“நடுவுல வராதீங்க டீச்சர். கடைசியில போய் உக்காருங்க. ஆளுக்குப் பாதிக் கிண்ணம் தண்ணிதான்.”